சிறுநீரக நலத்துக்கான சிறுநீர்ச் சோதனை

சிறுநீரக நலத்துக்கான சிறுநீர்ச் சோதனை என்பது, சிறுநீரின் தோற்றம், அதில் கரைந்துள்ள வேதிப்பொருட்கள், மிதக்கும் உயிரணுக்கள் ஆகியவற்றை ஆராய்ந்து சிறுநீரகங்களின் நிலையை அறியும் மருத்துவ ஆய்வு ஆகும். இதற்கு ஊசியோ வலியோ தேவையில்லை; செலவும் குறைவு. நாட்பட்ட சிறுநீரக நோய் தொடக்க நிலைகளில் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. குருதியில் உள்ள கிரியாட்டினின் அளவு கூட, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில் பாதியளவு இழக்கப்படும் வரை இயல்பு எல்லைக்குள் இருக்கக்கூடும். அக்காலத்திலேயே சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கியிருக்கலாம். ஆகையால், பல சிறுநீரக நோய்களில் முதல் தடயம் சிறுநீரிலேயே கிடைக்கிறது.

சிறுநீர் தடையின்றி வெளியேறுவதால் சிறுநீரகம் நலமாக உள்ளது என்ற எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. இது சரியன்று. நோயுற்ற சிறுநீரகமும் நீரை வெளியேற்றும். முற்றிய நிலையில் கூடச் சிலருக்குச் சிறுநீரின் அளவு குறைவதில்லை. சிறுநீரின் அளவைக் காட்டிலும் அதில் என்ன உள்ளது என்பதே முதன்மையானது.

வடிகட்டுதலும் கசிவும்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் குளோமருலஸ் எனப்படும் நுண்குருதிக்குழாய்ப் பந்து ஒன்று அமைந்துள்ளது. குருதி இதன் வழியே செல்லும்போது நீரும் சிறிய மூலக்கூறுகளும் வடிகின்றன. உயிரணுக்களும் பெரிய புரதங்களும் குருதியிலேயே தங்குகின்றன. நலமான இளம் வயதினர் ஒருவரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர்மம் இவ்வாறு வடிகிறது. அடுத்துள்ள நுண்குழல்கள் அதில் பெரும்பகுதியையும், உடலுக்குத் தேவையான குளுக்கோசு, உப்புகள், அமினோ அமிலங்கள் ஆகியவற்றையும் மீண்டும் உறிஞ்சிக் கொள்கின்றன. எஞ்சிய 1 முதல் 2 லிட்டர் வரையிலான நீர்மமே சிறுநீராக வெளியேறுகிறது.

குளோமருலசின் தடுப்புச் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. அவை நுண்குழாயின் உட்சுவர் உயிரணுக்கள், அடித்தள மென்சவ்வு, பாதம் போன்ற நீட்சிகள் கொண்ட போடோசைட் உயிரணுக்கள் என்பனவாகும். இச்சுவரின் திறனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டர் குருதி நீர்மத்தில் ஏறத்தாழ 40 கிராம் அல்புமின் உண்டு. எனவே 180 லிட்டர் குருதி நீர்மத்தில் 7 கிலோகிராமுக்கும் மேற்பட்ட அல்புமின் இருக்கும். நலமானவரின் ஒரு நாள் சிறுநீரிலோ 30 மில்லிகிராமுக்கும் குறைவான அல்புமினே காணப்படுகிறது. சுவரில் சிறு பழுது ஏற்பட்டாலும் இந்த அளவு உயர்வதால், அல்புமின் நுட்பமான அறிகுறியாகிறது.

வரலாறு

சிறுநீரைப் பார்த்து நோயறியும் முறை மிகவும் பழமையானது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீரும் ஒன்றாகும். சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை முதலியவற்றை நோக்குவது நீர்க்குறி எனவும், சிறுநீரின் மேல் ஒரு துளி எண்ணெயை விட்டு அது பரவும் வடிவத்தை நோக்குவது நெய்க்குறி எனவும் வழங்கப்படும். துளி பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் வளைந்தால் பித்தம், முத்துப் போல் நின்றால் கபம் என அம்முறை கூறும். இது முக்குற்றங்களை அறியும் நோக்குடையது. சிறுநீரில் உள்ள புரதத்தை அளக்கும் இக்காலச் சோதனையிலிருந்து வேறானது.

சிறுநீரைச் சூடாக்கினால் சில நோயாளிகளில் அது முட்டையின் வெண்கரு போல் உறைவதை இத்தாலிய மருத்துவர் டொமினிக்கோ கொட்டுன்னோ 18ஆம் நூற்றாண்டில் விவரித்தார். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட், 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மூன்று செய்திகளை ஒன்றாக இணைத்தார். உடல் வீங்கியிருந்த நோயாளிகளின் சிறுநீர் சூட்டில் உறைந்தது. அவர்கள் இறந்தபின் செய்த உடற்கூற்றாய்வில் சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவதே அவர் காலத்துச் சோதனை. சிறுநீரக அழற்சி நோய்கள் நெடுங்காலம் "பிரைட்டின் நோய்" என்றே அழைக்கப்பட்டன.

1956ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர்களான ஆல்பிரட் பிரீ, எலன் பிரீ இணையரின் முயற்சியால், குளுக்கோசைக் கண்டறியும் நனைத்துப் பார்க்கும் பட்டி விற்பனைக்கு வந்தது. விரைவில் புரதத்துக்கும் பிற பொருட்களுக்கும் பட்டிகள் உருவாயின. 1980களின் முற்பகுதியில், நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் பட்டியால் அறிய முடியாத சிறிதளவு அல்புமின் இருப்பதும் பிற்காலச் சிறுநீரகப் பாதிப்பை முன்னுணர்த்தும் என்பதை வைபர்ட்டி, மோகன்சன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

மாதிரி சேகரித்தல்

முடிவின் நம்பகத்தன்மை மாதிரி எடுக்கும் முறையைப் பொறுத்தது.

* காலையில் எழுந்ததும் கழிக்கும் முதற் சிறுநீர் அல்புமின் சோதனைக்கு ஏற்றது. அது செறிவாக இருக்கும். நடமாட்டத்தின் தாக்கமும் அதில் குறைவு.
* முதலில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு, இடையில் வருவதைத் தூய கலத்தில் பிடித்தல் வேண்டும்.
* மாதிரியை ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் ஆராய வேண்டும். தாமதமானால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெப்பத்தில் வைத்த சிறுநீரில் நுண்ணுயிர்கள் பெருகும், உயிரணுக்கள் சிதையும்.
* மாதவிடாய்க் காலத்தில் குருதி கலந்து தவறான முடிவு தரக்கூடும் என்பதால் சோதனையைத் தள்ளி வைப்பது நல்லது.

சோதனையின் பகுதிகள்

வழக்கமான சிறுநீர்ச் சோதனை மூன்று பகுதிகளைக் கொண்டது.

1. கண்ணால் நோக்கல்

இயல்பான சிறுநீர் வெளிர் மஞ்சள் முதல் அடர் மஞ்சள் வரை இருக்கும். தேநீர் போன்ற பழுப்பு நிறம் குளோமருலஸ் அழற்சியில் குருதி கலப்பதால் தோன்றலாம். நீங்காத நுரை மிகுந்த புரதக் கசிவைக் குறிக்கக்கூடும். எனினும் செங்கிழங்கு எனப்படும் பீட்ரூட் உண்பதாலும், காசநோய்க்கான ரிபாம்பிசின் மருந்தாலும் நிறம் மாறும். வேகமாகச் சிறுநீர் கழித்தாலே நுரை தோன்றும். எனவே நிறத்தையும் நுரையையும் மட்டும் கொண்டு நோயை முடிவு செய்ய இயலாது.

2. சோதனைப் பட்டி

வேதிப்பொருள் தோய்ந்த சிறு சதுரங்கள் ஒட்டப்பட்ட நெகிழிப் பட்டியைச் சிறுநீரில் நனைத்து, குறித்த நொடிகளுக்குப் பின் நிறத்தை அட்டவணையோடு ஒப்பிடுவர். பட்டி காட்டுபவற்றுள் சிறுநீரகத்தோடு தொடர்புடையவை பின்வருமாறு:

* புரதம்: மஞ்சள் நிறச் சதுரம் அல்புமின் இருந்தால் பச்சையாகவும், மிகுதியானால் நீலப்பச்சையாகவும் மாறும். பொதுவாக 1+ என்பது ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராமையும், 2+ என்பது 100 மில்லிகிராமையும், 3+ என்பது 300 மில்லிகிராமையும் குறிக்கும்.
* குருதி: சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகிய எவ்விடத்திலிருந்தும் வரலாம். தசை சிதைவதால் வெளிப்படும் மயோகுளோபினுக்கும் இச்சதுரம் நிறம் மாறும். ஆகவே நுண்நோக்கியால் உறுதி செய்தல் வேண்டும்.
* ஒப்படர்த்தி: இயல்பாக 1.005 முதல் 1.030 வரை மாறிக்கொண்டே இருக்கும். நீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 1.010 அருகிலேயே நின்றால், சிறுநீரைச் செறிவாக்கும் திறனையும் நீர்க்கச் செய்யும் திறனையும் சிறுநீரகம் இழந்துள்ளது எனலாம்.
* குளுக்கோசு: குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால் சிறுநீரில் தோன்றும். குருதிச் சர்க்கரை இயல்பாக இருக்கையிலும் தோன்றினால் நுண்குழல் குறைபாடு காரணமாகலாம். டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்ற மருந்துகளை உட்கொள்வோரில் குளுக்கோசு காணப்படுவது அம்மருந்துகளின் எதிர்பார்த்த விளைவே ஆகும்.
* நைட்ரைட்டு, வெண்குருதியணு நொதி: சிறுநீர்ப் பாதைத் தொற்றைச் சுட்டுவன.

3. நுண்நோக்கி ஆய்வு

சிறுநீரைச் சுழற்றி அடியில் படியும் வண்டலை நுண்நோக்கியில் காண்பர். உருக்குலைந்த செங்குருதியணுக்கள், அவை குளோமருலஸ் வழியே நெருங்கி வந்தன என்பதைக் காட்டும். ஆய்வுகூட அறிக்கைகளில் "காஸ்ட்" எனக் குறிக்கப்படும் உருளை வடிவத் துகள்கள் மிகவும் பயனுள்ளவை. இவை நுண்குழலுக்குள் புரதம் உறைந்து, அக்குழலின் வடிவத்தை அச்சாக ஏற்று வெளிவருபவை. எனவே இவற்றில் சிக்கியுள்ள பொருள் சிறுநீரகத்துக்கு உள்ளிருந்தே வந்ததாகும். செங்குருதியணு உருளைகள் குளோமருலஸ் அழற்சியையும், சேற்றுப்பழுப்பு நிறக் குறுணை உருளைகள் நுண்குழல்களின் திடீர்ச் சிதைவையும் சுட்டும். நிறமற்ற சில உருளைகள் கடும் உடற்பயிற்சிக்குப் பின் நலமானவரிடத்தும் காணப்படும்.

அல்புமின்-கிரியாட்டினின் விகிதம்

பட்டிச் சோதனை செறிவை மட்டுமே அளக்கிறது. ஒருவர் நிறைய நீர் அருந்தியிருந்தால் கசியும் அல்புமின் நீர்த்துப்போய் அறியப்படாமல் போகலாம்; நீரருந்தாதவரின் செறிவான சிறுநீர் மிகையாகக் காட்டலாம். இதைச் சரிசெய்யவே, ஒரே மாதிரியில் அல்புமினையும் கிரியாட்டினினையும் அளந்து வகுக்கின்றனர். கிரியாட்டினின் தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுவதால், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருந்தாலும் விகிதம் பெரிதும் மாறுவதில்லை.

ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு உள்ள அல்புமின் அளவைக் கொண்டு முடிவுகள் மூன்றாக வகைப்படுத்தப்படுகின்றன:

* ஏ1: 30 மில்லிகிராமுக்குக் குறைவு – இயல்பு அல்லது சிறிதளவு உயர்வு
* ஏ2: 30 முதல் 300 மில்லிகிராம் வரை – மிதமான உயர்வு
* ஏ3: 300 மில்லிகிராமுக்கு மேல் – கடுமையான உயர்வு

ஏ2 நிலை முன்னர் "நுண் அல்புமின் சிறுநீர்" எனப்பட்டது. அல்புமினின் மூலக்கூறு சிறியது என்று இப்பெயர் தவறான பொருள் தந்ததால், இக்கால வழிகாட்டு நெறிகள் இதைத் தவிர்க்கின்றன.

24 மணி நேரச் சிறுநீரும் கிரியாட்டினின் வெளியேற்ற வீதமும்

வடிகட்டும் திறனை அளக்க 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரிக்கும் முறையும் உண்டு. முதல் நாள் காலைச் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் கழிப்பது அனைத்தையும் மறுநாள் காலைச் சிறுநீர் உட்படச் சேர்க்க வேண்டும். சிறுநீர்க் கிரியாட்டினின் செறிவை நிமிடத்துக்கான சிறுநீர் அளவால் பெருக்கி, குருதிக் கிரியாட்டினின் செறிவால் வகுத்தால் வெளியேற்ற வீதம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் ஒரு நாளில் 1,440 மில்லிலிட்டர், அதாவது நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்கிறார் எனக் கொள்வோம். சிறுநீரில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம், குருதியில் 1 மில்லிகிராம் எனில், வெளியேற்ற வீதம் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர். சில ஆண்டுகளில் அவருடைய திறன் பாதியாகக் குறைந்தால், குருதிக் கிரியாட்டினின் 2 மில்லிகிராமாக உயரும். வெளியேற்ற வீதம் 50 ஆகும். ஆனால் அப்போதும் அவர் நாள்தோறும் வெளியேற்றும் கிரியாட்டினின் அதே 1,440 மில்லிகிராமாகவே இருக்கும். தசைகள் உண்டாக்கும் அளவு மாறாததே இதற்குக் காரணம். சிறுநீரில் உள்ள கிரியாட்டினினை மட்டும் அளந்து சிறுநீரகத் திறனைக் கூற முடியாது என்பதையும், குருதிச் சோதனை ஏன் உடன் தேவை என்பதையும் இக்கணக்கு விளக்குகிறது.

24 மணி நேரச் சேகரிப்பில் பிழைகள் எளிதில் நேர்வதால், இக்காலத்தில் பெரும்பாலும் குருதிக் கிரியாட்டினின், அகவை, பால் ஆகியவற்றைக் கொண்ட சமன்பாடுகளால் வடிகட்டும் வீதம் மதிப்பிடப்படுகிறது. சிறுநீரின் அல்புமின் பழுதைக் காட்டுகிறது. குருதிக் கிரியாட்டினின் எஞ்சியுள்ள திறனைக் காட்டுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே சிறுநீரகத்தின் முழு நிலையை உணர்த்தும்.

தவறான முடிவுகள்

ஒருமுறை புரதம் காணப்பட்டதாலேயே சிறுநீரக நோய் என்று கொள்ளக் கூடாது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, இதயச் செயலிழப்பு, மிக உயர்ந்த குருதிச் சர்க்கரை ஆகியவை தற்காலிகமாக அல்புமினை உயர்த்தும். வளரிளம் பருவத்தினர் சிலரில் நிற்கும்போது மட்டும் புரதம் கசிந்து, படுத்தெழுந்த காலைச் சிறுநீரில் இல்லாமல் போகும், இது தீங்கற்றது. ஆகையால் நாட்பட்ட நோய் என உறுதிசெய்ய, மாறுபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும்.

மாறாக, பட்டி இயல்பு எனக் காட்டியும் நோய் இருக்கலாம். பட்டி பெரும்பாலும் அல்புமினையே உணரும். எலும்பு மச்சைப் புற்றுநோயான மயலோமாவில் வெளியேறும் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தை அது தவறவிடும். சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்துக் கலங்கலை நோக்கும் பழைய முறை அத்தகைய புரதங்களையும் காட்டவல்லது.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து அறியப்பட்டுள்ள காரணம் தெளிவற்ற நாட்பட்ட சிறுநீரக நோய் மற்றோர் எடுத்துக்காட்டு. வேளாண்மைத் தொழில் செய்வோரைப் பெரிதும் தாக்கும் இந்நோய், குளோமருலசை விட நுண்குழல்களையும் அவற்றைச் சூழ்ந்த திசுவையும் முதன்மையாகச் சிதைக்கிறது. இதனால் புரதக் கசிவு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அத்தகைய பகுதிகளில் பட்டிச் சோதனையை மட்டும் நம்பினால் நோயாளிகள் பலர் விடுபடுவர். குருதிக் கிரியாட்டினினும் அளக்கப்பட வேண்டும். ஆந்திரப் பிரதேசத்தின் உத்தானம் பகுதியிலும் இதனையொத்த நோய் காணப்படுகிறது.

யாருக்குத் தேவை

* நீரிழிவு உடையோர்: இரண்டாம் வகையில் நோய் அறியப்பட்ட நாள் முதலும், முதல் வகையில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும், ஆண்டுக்கு ஒருமுறையேனும்
* உயர் குருதி அழுத்தம் அல்லது இதய நோய் உடையோர்
* குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளோர்
* வலிநீக்கி மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்வோர்
* கருவுற்ற பெண்கள்: 20 வாரங்களுக்குப் பின் உயர் குருதி அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமும் தோன்றுவது முன்சூல்வலிப்பின் அடையாளமாகலாம்

முன்கூட்டியே அறிவதன் பயன்

சிதைந்த நெஃப்ரான்கள் மீண்டும் தோன்றுவதில்லை. எனவே எஞ்சியவற்றைக் காப்பதே மருத்துவத்தின் நோக்கம். ஏசிஇ தடுப்பிகளும் ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பிகளும் அல்புமின் கசிவைக் குறைத்து நீரிழிவுச் சிறுநீரக நோயின் போக்கைத் தாமதப்படுத்துகின்றன என்பதை 1993, 2001 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் நிறுவின. 2019 முதல் வெளியான ஆய்வுகள், கனாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் முதலிய மருந்துகளும் இத்தகைய பயன் தருவதைக் காட்டியுள்ளன. நோய் முற்றினால் குருதித் தூய்மிப்பு அல்லது சிறுநீரக மாற்றுச் சிகிச்சை மட்டுமே வழியாகும். அவற்றின் செலவை இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் பல குடும்பங்களால் தாங்க இயலாது.

எளிய சோதனையைப் பரவலாக்கும் முயற்சிகள் பல நடந்துள்ளன. சப்பானில் 1970களிலிருந்து பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சிறுநீர்ச் சோதனை செய்யப்படுகிறது. சென்னையைச் சேர்ந்த சிறுநீரகவியல் மருத்துவர் எம். கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை வாயிலாகச் சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் ஒரு திட்டத்தை நடத்தினார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா என்று பார்த்தனர். குருதி அழுத்தத்தையும் அளந்தனர். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் கண்டறியப்பட்டோருக்கு விலை குறைந்த மருந்துகள் அளிக்கப்பட்டன. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் சிறுநீரகச் செயலிழப்பைத் தடுக்க முயல முடியும் என்பதற்கு இத்திட்டம் சான்றாக விளங்குகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* சிறுநீரகம்
* நாட்பட்ட சிறுநீரக நோய்
* நீரிழிவு நோய்
* குருதித் தூய்மிப்பு